பழைய டாடா 2518: மினரலில் இருந்து சிந்தெடிக் ஆயிலுக்கு மாத்தலாமா?

தொப்பூர்_லோடு:
2014 மாடல் டாடா எல்பிடி 2518, பிஎஸ்-3 (பழைய புகை விதி), கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின். செகண்ட்ஸ்ல எடுத்தது. மீட்டர்ல 6.4 லட்சம் கிலோமீட்டர் காட்டுது, இன்னும் இன்ஜின் பிரிக்கல. முந்தின ஓனர்கிட்ட ஆயில் பில் எதுவும் இல்ல. இப்போ உள்ளே இருக்கிறது 15டபிள்யூ-40 மினரல் (சாதா ஆயில்). ஃபில்டரோட சேர்த்து 15 லிட்டர் கிட்ட பிடிக்குது. ஓட்டம் கரூர்–பெங்களூர், ரெண்டு பக்கமும் லோடு.

கடைக்காரர் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக் (ஆலையில மேம்படுத்தின ஆயில்) ஊத்துங்க, 40,000 கி.மீ. வரைக்கும் தொடவே வேணாம்ங்கிறார். மெக்கானிக், பழைய இன்ஜின்ல அதை ஊத்தினா சீல் எல்லாம் ஒழுகும்ங்கிறார். யார் பேச்சைக் கேட்கிறது? மாத்துறதா இருந்தா முதல்ல ஃப்ளஷ் (இன்ஜின் உள்ளே கழுவுறது) பண்ணணுமா?

ஆயில்_கேஜ்:
ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

சீல் விஷயம் முதலில். 1970களில் வந்த சிந்தெடிக் ஆயில்களில் சீல் ரப்பர் சுருங்கும் குறை இருந்தது. அந்தப் பேச்சு இன்னும் பட்டறைகளில் ஓடுகிறது. இப்போதைய ஆயிலில் அதற்கான சேர்மானம் உண்டு, நல்ல சீலை ஒன்றும் செய்யாது. ஆனால் ஏற்கெனவே காய்ந்து கீறல் விட்ட சீலை இத்தனை நாள் கசடுதான் அடைத்துக்கொண்டிருந்தது என்றால், புது ஆயிலின் டிடர்ஜென்ட் அதைக் கழுவியதும் ஒழுக்கு வெளியே தெரியும். இது சிந்தெடிக்கால் மட்டும் வருவதல்ல. நல்ல மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்ற ஆரம்பித்தாலும் வரும்.

அடுத்தது கிரேடு. 15டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டுமே 100 டிகிரி சூட்டில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் கனத்துக்குள்தான் (கனம் என்றால் ஆயிலின் பிசுபிசுப்பு) இருக்க வேண்டும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு. 15டபிள்யூ என்பதே மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கப்படுவது. கிருஷ்ணகிரி, ஓசூர் மார்கழிக் குளிருக்கு அது தாராளம். இன்னொன்று: அதிக சூட்டில், பேரிங் நசுக்கும் இடத்தில் தேவைப்படும் குறைந்தபட்சக் கனம் (இது வேறு சோதனை, சென்டிபாய்ஸ் அளவு) 15டபிள்யூ-40க்கு 3.7, 5டபிள்யூ-40க்கும் 10டபிள்யூ-40க்கும் 3.5. தேய்ந்த இன்ஜினுக்கு இந்த வித்தியாசம் 15டபிள்யூ பக்கம்தான் சாய்கிறது.

சிந்தெடிக் ஜெயிக்கும் இடம் வேறு. தொப்பூர் ஏற்றத்தில் டர்போ கொதிக்கும்போது ஆயில் கருகி ஒட்டுவது குறையும், ஆவியாகிப் போவதும் குறையும், ஆயில் கெட்டியாவதும் தள்ளிப்போகும். ஆனால் கரியும் டீசல் கலப்பும் எந்த ஆயிலையும் விட்டுவைக்காது. இன்ஜெக்டர் ஒழுகும் வண்டியில் ஃபுல் சிந்தெடிக்கும் 40,000 தாங்காது.

மாற்றத்தான் வேண்டும் என்றால் டப்பாவில் ஏபிஐ தர முத்திரை சிஐ-4 பிளஸ் அல்லது சிகே-4 இருக்கிறதா, கம்மின்ஸ் கம்பெனியின் ஆயில் தர எண் சிஇஎஸ் 20078 அல்லது 20086 இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்ஏ-4 என்று இருந்தால் தொடாதீர்கள், அது வேறு வகை இன்ஜினுக்கான மெல்லிய ஆயில்.

கிரீஸ்கன்:
ஆயிலை விடுங்க, முதல்ல இன்ஜின் நிலவரம் தெரியணும். 6.4 லட்சம், பில் இல்லாத வண்டி. இந்த வேலையை முடிச்சிட்டு வாங்க:

சமதரையில நிறுத்தி டிப்ஸ்டிக்ல குறி வச்சு 1,000 கி.மீ. ஓட்டுங்க. எவ்வளவு டாப்-அப் போகுதுன்னு எழுதி வைங்க. லிட்டர் கணக்குல குடிச்சா சிந்தெடிக் வாங்குறது காசைக் கரைக்கிறதுதான்.

இன்ஜின் நல்லா சூடானதும் ஆயில் பிரஷர் பாருங்க. டேஷ்போர்டு முள்ளை நம்பாம பிளாக்ல தனி மீட்டர் மாட்டிப் பாக்கணும். ஐடிலிங்ல 10 பிஎஸ்ஐக்குக் கீழே, முழு ஆர்பிஎம்ல 30க்குக் கீழே போனா பேரிங், ஆயில் பம்ப், ரிலீஃப் வால்வுன்னு தேடணும். ஆயில் மாத்தி அதைச் சரிபண்ண முடியாது.

பிரீதர் பைப்ல (இன்ஜின் உள்ளே சேருற காத்து வெளியேறுற குழாய்) புகை தள்ளுதா பாருங்க. இந்த இன்ஜின் பிளாக்குக்கு லைனர் (கழட்டி மாத்துற சிலிண்டர் உறை) கிடையாது. போர் (சிலிண்டர் துளை) தேஞ்சிருந்தா போரிங் பண்ணணும், இல்ல ஸ்லீவ் இறக்கணும். எந்த ஆயிலும் அதுக்கு மருந்து இல்ல.

ஏர் டேங்க் அடியில ட்ரெயினைத் திறங்க. தண்ணியோட எண்ணெய் வழிஞ்சா கம்ப்ரஷர் ரிங் போயிருக்கு. இன்ஜின் குடிக்குதுன்னு நினைச்சிட்டிருக்கிற ஆயில் பாதி அங்கதான் போகும். இதைப் பாக்காமலே இன்ஜினைப் பிரிச்சவங்க நிறைய.

ஃப்ளஷ் வேணாம். டீசல், மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்டவே கூடாது. பேரிங்ல படலம் போயிடும், மிச்சம் உள்ளே தங்கி புது ஆயிலை நீர்த்துடும். டப்பா ஃப்ளஷும் இந்த வயசு இன்ஜினுக்கு வேணாம். பல வருஷக் கசடு ஒரே நேரத்துல பெயர்ந்தா சம்ப்ல (அடியில ஆயில் தேங்குற தொட்டி) இருக்கிற ஸ்டிரெய்னர் வலையை அடைச்சிடும், பிரஷர் விழும். அதுக்குப் பதிலா நல்ல சிஐ-4 பிளஸ் மினரலை ரெண்டு தடவை 5,000 கி.மீ.லயே மாத்துங்க. ஒவ்வொரு தடவையும் பழைய ஃபில்டரை வெட்டி மடிப்பை விரிச்சுப் பாருங்க. கறுப்புக் கட்டி குறைஞ்சுட்டே வரணும். மினுக்கா உலோகத் துகள் இருந்தா காந்தம் வைங்க: ஒட்டினா இரும்பு, ஒட்டாம பித்தளை நிறத்துல இருந்தா புஷ் இல்லன்னா பேரிங்.

லெட்ஜர்:
கணக்கையும் பார்த்துவிடலாம். சிந்தெடிக் விலை மினரலைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஆயில் மாற்றும் இடைவெளியும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானால்தான் காசு திரும்பும் (ஃபில்டர், லேபர், வண்டி நிற்கும் நேரம் மிச்சமாவதால் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் போதும்). மைலேஜ் ஏறும் என்பார்கள். லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் 20,000 கி.மீ.க்கு 5,000 லிட்டர் டீசல். அதில் 1 சதவீதம் மிச்சமானால் 50 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் வைத்தால் 4,600 ரூபாய். சின்னத் தொகை இல்லை. ஆனால் லோடு, காற்று, டயர் பிரஷர், டிரைவர் கால் என்று எல்லாம் மாறும் ரோட்டில் அந்த 1 சதவீதம் வந்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

இடைவெளியை நீட்டுவதை ஆயில் டெஸ்ட் இல்லாமல் செய்யாதீர்கள். சூட்டோடு வடிக்கும்போது முதல் ஓட்டத்தையும் கடைசியையும் விட்டு நடுவில் சுத்தமான பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புங்கள். 100 டிகிரியில் கனம் மேலே சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா, டிபிஎன் (அமிலத்தை முறிக்கும் திறன்) புது ஆயிலில் இருந்ததில் பாதிக்குக் கீழே போய்விட்டதா என்று பாருங்கள். சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டர் பக்கம் தூசி இழுக்கிறது. சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கலக்கிறது. ஒரு நல்லது: 2020 ஏப்ரலில் இருந்து வரும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், உங்கள் வண்டி தயாரான காலத்து பிஎஸ்-3 டீசலில் 350 வரை இருந்தது. கந்தகம் குறைந்தால் அமிலமும் குறைவு, அதனால் டிபிஎன் முன்போல் வேகமாக இறங்காது.

ஒரே வண்டி வைத்து ஓட்டுபவருக்கு என் கணக்கில் நல்ல மினரல், கம்பெனி சொன்ன இடைவெளி, தரமான ஃபில்டர், இதுவே லாபம்.

தொப்பூர்_லோடு:
கிரீஸ்கன் அண்ணே, பாத்துட்டேன். ஏர் டேங்க் சுத்தம், சூட்டுல ஐடிலிங் பிரஷர் 17 பிஎஸ்ஐ, 1,000 கி.மீ.க்கு அரை லிட்டருக்குள்ள போகுது. ஆனா பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருற கூடு) அடியில ஈரம் இருக்கு. ரியர் கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க ஆயில் சீல்) மாத்தணும், கியர்பாக்ஸ் இறக்கணும்ங்கிறார் மெக்கானிக்.

கிரீஸ்கன்:
கியர்பாக்ஸ் இறக்குறதுக்கு முன்னாடி பிளாக் பக்கவாட்டுல இருக்கிற டேப்பட் சைடு கவரைப் பாருங்க. அந்தப் பேக்கிங் ஒழுகினா ஆயில் பிளாக் ஓரமா ஓடி பின்னாடி போய் பெல் ஹவுசிங்ல சொட்டும், பார்க்க அச்சு அசல் ரியர் சீல் மாதிரியே இருக்கும். மேலே டேப்பட் கவர் பேக்கிங்கும் அப்படித்தான். நல்லா கழுவித் துடைச்சு, ஒரு டிரிப் அடிச்சிட்டு வந்து எங்கே ஈரம் ஆரம்பிக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பிரீதர் பைப் அடைச்சிருந்தாலும் உள்ளே பிரஷர் ஏறி நல்ல சீலையே ஒழுக வைக்கும், அதையும் கழட்டிக் கழுவுங்க.

ரியர் சீல்தான்னு உறுதியானா: புது சீலை காய்ஞ்ச நிலையிலதான் மாட்டணும். பழக்கத்துல உதட்டுல ஆயிலோ கிரீஸோ தடவினா இந்த சீல் ஒழுகும். கிராங்க்கையும் சுத்தமா துடைச்சிருக்கணும். கிராங்க்ல பழைய சீல் பள்ளம் போட்டிருந்தா வேர் ஸ்லீவ் (தேஞ்ச இடத்தை மூடுற மெல்லிய வளையம்) போடுங்க.

ஆயில்_கேஜ்:
பிரஷர் 17, அரை லிட்டர் என்றால் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. ஒழுக்கை முடித்து, இரண்டு குறுகிய மாற்றமும் ஆனபிறகு சிந்தெடிக் போட ஆசை இருந்தால் போடலாம். உள்ளே தங்கும் கொஞ்சம் மினரல் அதோடு கலப்பதால் எதுவும் கெடாது.

மாற்றும்போது சூட்டோடு வடித்து இருபது நிமிடம் விடுங்கள். ட்ரெயின் பிளக்குக்குப் புது வாஷர். பழைய ஃபில்டரின் ரப்பர் ரிங் ஃபில்டர் மாட்டும் இடத்திலேயே ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புதுசை மாட்டினால் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் முழுக்க ரோட்டில். புது ஃபில்டரில் சுத்தமான ஆயிலை நிரப்பி, ரிங்கில் ஆயில் தடவி, தொட்டதிலிருந்து கையால் முக்கால் சுற்று. 14 லிட்டரோடு நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். 15 விநாடிக்குள் பிரஷர் வரவில்லை என்றால் உடனே ஆஃப். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள், மேல் குறியைத் தாண்ட வேண்டாம்.

காலி கேனை வெட்டிப் போடுங்கள். முழுசாகப் போனால் போலி ஆயிலோடு திரும்பி வரும்.