பலூன் கணக்கும் அந்த மைனஸ் இரண்டும்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். புவியீர்ப்பில் மேலே எறிவது, கீழே விழுவது என்று பாடம் வந்தால் முதலில் இந்தக் கணக்கைத்தான் போடுவேன்: விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறும் பலூனிலிருந்து, 30 மீட்டர் உயரத்தில் ஒரு கல்லை நழுவ விடுகிறார்கள். தரைக்கு வர எவ்வளவு நேரம்?

‘நழுவ விடுகிறார்கள்’ என்றதுமே பாதி வகுப்பு தொடக்க வேகம் 0 என்று எழுதிவிடும். உண்மையில் கல்லும் அப்போது மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் அரை விநாடி, ஒன்றேகால் மீட்டர் ஏறிவிட்டுத்தான் திரும்பும்.

மேல்நோக்கி பிளஸ் என்று வைத்துக்கொண்டால் அப்புறம் குழப்பமே இல்லை. இடப்பெயர்ச்சி −30, தொடக்க வேகம் +5, முடுக்கம் −10. ஏறும்போதும் இறங்கும்போதும் அதே −10தான். உச்சியில் முடுக்கத்தையும் 0 ஆக்குகிறவர்களிடம், “அப்போ கல் அந்தரத்திலேயே நின்றுவிடுமே?” என்பேன்.

இவற்றைப் போட்டால் நேரத்துக்கு (t) வரும் இருபடிச் சமன்பாடு −30 = 5t − 5t²; அதற்கு விடை 3, −2. மூன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுவது வழக்கம். போன வருடம் ஒரு மாணவி விடவில்லை: “அந்த −2 எங்கே சார் போகும்?” சரி, கல்லை விட்ட நொடியிலிருந்து 2 விநாடி பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று போர்டில் போட்டோம். தரையிலிருந்து விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிந்த கல், 2 விநாடியில் சரியாக 30 மீட்டரில் இருக்கும். வேகம் சரியாக 5. பலூனே இல்லாமல் அதே பயணம்! கல்லுக்கு எங்கிருந்து வந்தோம் என்பதெல்லாம் தெரியாது.

*

சார், நீட்டுக்குப் படித்தபோது எனக்குக் கைகொடுத்தது கலிலியோவின் 1, 3, 5, 7 விகிதம்: விழும் கல் அடுத்தடுத்த விநாடிகளில் கடக்கும் தூரங்களின் விகிதம் அது. கடைசி விநாடியில் 25 மீட்டர் விழுந்தது, கோபுர உயரம் என்ன என்று கேட்டால் 5, 15, 25 என்று கூட்டி 45 என்று எழுதிவிடலாம். ஓய்விலிருந்து விழுந்தால் மட்டும்தான். உங்கள் பலூனில் இது எடுபடாது.

*

நாங்கள் ஊர்க் கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்த்தோம். சத்தம் கேட்க ஏறக்குறைய 2 விநாடி, அதாவது 20 மீட்டர் போல. சத்தம் மேலே வரும் நேரத்தைக் கழிக்க வேண்டாமா என்று தம்பி சண்டைக்கு வந்தான். அது 0.06 விநாடிதான். ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினாலே 4 மீட்டர் போய்விடுகிறது!