பெங்களூரு அல்சூர் வீட்டு குரூப்பில் முட்டை நாத்தம்

வியாழன், காலை 7:10

கீதா: ஞாயிறு காலைல 6 மணிக்கு கிருஷ்ணகிரி கிளம்பணும். வளைகாப்பு 10:30க்குள்ள முடிக்கணுமாம். ரம்யா பாபு வண்டில. மத்தவங்க வேன்

ரம்யா: அத்தை அந்த வண்டி வேணாம். அழுகின முட்டை நாத்தம். நேத்து டாக்டர்கிட்ட போய் வரதுக்குள்ள குமட்டிடுச்சு

பாபு: எப்பவும் இல்லமா. மேம்பாலம் ஏறுறப்ப, சிக்னல்ல நின்னு கிளம்புறப்ப மட்டும்தான்

பெரியப்பா: என் கையில இருந்த வரைக்கும் ஒரு நாத்தம் கிடையாது

கார்த்தி: ஆரம்பிச்சிட்டாருபா 😂

பெரியப்பா: கலப்பட பெட்ரோல். பங்க்கை மாத்து

மணி சித்தப்பா: பங்க் இல்லண்ணா. 2020 ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க பெட்ரோல்ல கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 10 பங்கு), அதுக்கு முன்னாடி 50. அந்தக் கொஞ்சம் எப்பவும் இருக்கும். இன்ஜின் ஒழுங்கா எரிச்சா, சைலன்சர் லைன்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (கேட்) அதை சல்ஃபர் டை ஆக்சைடா வெளிய தள்ளிடும், மூக்குக்கே தெரியாது. பெட்ரோல் அதிகமா போனா கேட்டுக்கு ஆக்சிஜன் பத்தாது, அதே கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடா வரும். அதான் முட்டை நாத்தம்

கீதா: புளியோதரை யாரு பண்றா?

மணி சித்தப்பா: பாபு, கேஸ் கிட் இருக்கா?

பாபு: இல்ல

மணி சித்தப்பா: அப்ப முதல்ல பேட்டரி. ஓவர் சார்ஜ் ஆனாலும் இதே நாத்தம்தான். இன்ஜின் ஓடும்போது மீட்டர்ல 13.8ல இருந்து 14.5 வோல்ட் காட்டணும். 15 தாண்டினாலோ, பேட்டரி உப்பி சூடா இருந்தாலோ உடனே ஆஃப் பண்ணு. பக்கத்துல பீடி, தீக்குச்சி கூடாது, ஹைட்ரஜன் வெடிக்கும்

கார்த்தி: பெரியப்பா தள்ளி நில்லுங்க

பெரியப்பா: நான் விட்டு ரொம்ப நாளாச்சுடா

பாபு: 14.2. பேட்டரி ஓகே. மெக்கானிக் கேட் போச்சு, மாத்தணும்னு சொல்றான்

மணி சித்தப்பா: மாத்தாத!! பெட்ரோல் ஏன் அதிகமா போகுதுன்னு பாக்காம மாத்தினா புது கேட்டும் வெந்துடும். அப்படியே என்னைக்காவது மாத்தினாலும் பழசை கையில வாங்கிக்க. உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு, அதுக்குன்னே கழட்டிட்டு வெறும் பைப்பை வெல்டிங் பண்ணி அனுப்புறவங்க உண்டு. எமிஷன் டெஸ்ட்ல மாட்டுவ

மணி சித்தப்பா: நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி போட்டோ போடு. வண்டி கம்ப்யூட்டர்ல கோளாறு கோட் படிக்கிற ஓபிடி ஸ்கேனர் கார்த்திகிட்ட இருக்கு

கார்த்தி: அது போன வருஷம் பாபு வாங்கிட்டுப் போனது 🙂

பாபு: ஓ

காலை 10:42

பாபு: 📷 போட்டோ
பாபு: நாலும் கருப்பு. கோட் பி0171. லாங் டெர்ம் ட்ரிம் +24

பெரியப்பா: நம்பர் பிளேட்டா?

மணி சித்தப்பா: வேடிக்கை பாரு. ஒரு பிளக் மட்டும் கருப்பா நனைஞ்சிருந்தா அந்த சிலிண்டர் இன்ஜெக்டர் ஒழுகுதுன்னு விட்டுடலாம். நாலும் ஒரே மாதிரி காஞ்ச கரி, அப்ப எல்லாத்துக்கும் பொதுவான கோளாறு. ட்ரிம்னா கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தன சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு. பெட்ரோல் அதிகம்னு தெரிஞ்சா கம்ப்யூட்டர் குறைக்கும், ட்ரிம் மைனஸ்ல நிக்கும். இங்க பிளஸ் 24. பி0171ன்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். பிளக்கு அதிகம்ங்குது, சைலன்சர் லைன்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் கம்மிங்குது. சென்சார் பொய் சொல்லுது, இல்ல அதுக்கு முன்னாடி எங்கயோ சைலன்சர் லைன் ஒழுகி வெளிக்காத்து உள்ள போகுது. அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுது. சில பேர் இந்த கோட் நம்பரைப் பாத்ததும் ஃப்யூயல் பம்ப்பை மாத்துவான். காசு தண்டம்

ரம்யா: சின்ன மாமா சுருக்கமா

மணி சித்தப்பா: ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணு. பின்னாடி ஒருத்தர் ஈரத்துணியால சைலன்சர் வாயை சில செகண்ட் மூடணும். முன்னாடி மேனிஃபோல்ட் (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற முதல் பைப்) பக்கம் புஸ்ஸுன்னு கேக்குதா பாரு. கைய உள்ள விடாத. திறந்த இடத்துல பண்ணு, பேஸ்மென்ட்ல வேணாம்

கீதா: வளையல் 3 டஜன் போதுமா? பச்சையா சிவப்பா?

ரம்யா: ரெண்டும்

பாபு: புஸ்ஸுங்குது. மேனிஃபோல்ட் இன்ஜின் ஹெட்டோட சேர்ற இடம். கரியும் பிடிச்சிருக்கு

மணி சித்தப்பா: கேஸ்கெட்தான், ரெண்டுக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு. இப்ப நாத்தம் இல்ல பெரிய பிரச்சினை. அந்தப் புகை பானட்டுக்குள்ள நின்னு வென்ட் வழியா உள்ள வரும், அதுல கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையே கிடையாது. சரி பண்ற வரைக்கும் ரம்யா அதுல ஏறக் கூடாது. பேச்சே இல்ல

கீதா: ஐயோ முருகா

பெரியப்பா: அப்பவே சொன்னேன், சர்வீஸ் காட்டுடான்னு

பாபு: விக்கும்போது இதைச் சொல்லலயே

*இந்த செய்தி நீக்கப்பட்டது*

கார்த்தி: படிச்சிட்டோம் பெரியப்பா

மணி சித்தப்பா: ஜே.சி. ரோட்ல கேஸ்கெட் கிடைக்கும், நட்டும் ஸ்டட்டும் புதுசா வாங்கு. இன்னைக்கு ராத்திரியே துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடு. சூட்டுல கழட்டினா ஸ்டட் உடைஞ்சு ஹெட்டுக்குள்ள நிக்கும், அப்புறம் டிரில் போட்டு எடுக்கணும். மேனிஃபோல்ட் முகத்துல ஸ்டீல் ஸ்கேலை வெச்சுப் பாக்கச் சொல்லு, வளைஞ்சிருந்தா லேத்துல முகம் எடுக்காம புது கேஸ்கெட்டும் நிக்காது. நடுவுல இருந்து வெளிப்பக்கமா, டார்க் ஸ்பேனர்ல (அளவு பாத்து இறுக்குற ஸ்பேனர்) இறுக்கணும். சிலிக்கான் பேஸ்ட் தடவ விடாத, ஆக்சிஜன் சென்சார் செத்துடும்

பாபு: அதுக்கப்புறம் நாத்தம் நிக்குமா?

மணி சித்தப்பா: ஸ்கேனர்ல கோட் நம்பரை அழிச்சுட்டு ஓட்டு. ட்ரிம் பிளஸ் மைனஸ் 10க்குள்ள வரணும். கேட்ல தேங்கின கந்தகம் தீர்ற வரைக்கும் லேசா வரும், ஹைவேல ஓட்டினா சீக்கிரம் போகும். கேட்டுக்குப் பின்னாடி இருக்கிற சென்சார் 0.6, 0.7 வோல்ட்ல அசையாம நின்னா கேட் உயிரோட இருக்கு. முன்னாடி இருக்கிற சென்சார் மாதிரி 0.1க்கும் 0.9க்கும் குதிச்சாதான் மாத்துற பேச்சு

பாபு: மெக்கானிக் சனிக்கிழமை சாயங்காலம்தான் முடியும்ங்கிறான்

கீதா: அப்ப ரம்யா வேன்லயே வரட்டும். எத்தன சீட்டு?

கார்த்தி: 12. இப்பவே 13 பேர்

பெரியப்பா: என் வண்டில வரட்டும்

ரம்யா: அதுல ஏசி ஓடுதா மாமா?

பெரியப்பா: ஜன்னலைத் திறந்தா காத்து

பாபு: நான் சனிக்கிழமை ராத்திரி சொல்றேன்

கீதா: புளியோதரை யாருன்னு இன்னும் யாரும் சொல்லல