புதுப்பிப்பு: செட்டிநாட்டுக்கு ஒரே பையோடு போய் வந்துவிட்டேன்

நாலு நாள், தனியாக, டார்மிட்டரியில் தங்கல். 60 லிட்டர் பையா 30 லிட்டர் பையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சின்னதே போதும் என்றீர்கள். அப்படியே செய்தேன், ரொம்ப நன்றி.

மூன்று சட்டை, ஒரு பேன்ட், ஒரு கைலி, ஒரு ஈரிழைத் துண்டு. ராத்திரி அலசிப் போட்டால் காரைக்குடிக் காற்றில் விடிவதற்குள் காய்ந்துவிடும்.

பூட்டில்தான் ஏமாந்தேன். லாக்கருக்குப் பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். என் பூட்டின் வளையம் தடிமன், கொண்டியில் நுழையவே இல்லை. முதல் ராத்திரி பை வாரைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு படுத்தேன், சரியான தூக்கமில்லை. காலையில் கடைவீதியில் மெல்லிய வளையமுள்ள பூட்டு வாங்கிய பிறகே நிம்மதி. போனை வெளியே சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள், பவர் பேங்கை லாக்கருக்குள்ளேயே போனோடு சொருகிவிடுங்கள்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டிய ஆச்சி, இடுப்பில் சாவிக்கொத்தோடு, "தம்பி, பணத்தை ஒரே இடத்துல வைக்காதீக" என்றார். அன்றே பாதியைத் துவைக்காத சட்டைக்குள் சுருட்டி வைத்தேன், ஆதார் நகலையும் தனியாக.

ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணச் சிமென்டை ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்த்ததும் ஆசை அடங்கவில்லை. நல்ல கனம்! ஒன்றே ஒன்று வாங்கிக் கைலியில் சுற்றி, பையில் முதுகை ஒட்டிய பக்கம் வைத்தேன். சென்னை வரை விரிசல் இல்லை.