கிழக்கு மாகாணத்தை மின்டனாவோவோடு ஒப்பிடலாமா?

உப்புவெளியான்:
அக்காவின் மகள் முதுகலை ஆய்வுக்கு இலங்கையில் நம் கிழக்கு மாகாணத்தையும் பிலிப்பைன்ஸின் மின்டனாவோவையும் எடுத்திருக்கிறாள். எனக்குச் சரியாகப் படவில்லை. அது தென்கிழக்கு ஆசியா, ஸ்பெயினும் அமெரிக்காவும் ஆண்ட நாடு. இந்தப் பக்கம் இந்தியாவின் மிசோரம் மாநிலம் இருக்கிறதே! அங்கேயும் பிரிட்டிஷ் ஆட்சிதான். 1986இல் ஒப்பந்தம் வந்தது, ஆயுதப் போராட்டம் நடத்திய லால்தெங்கா முதலமைச்சரானார். மறு வருடம் இலங்கை–இந்திய ஒப்பந்தம். இரண்டிலும் ராஜீவ் காந்தி அரசு. இதைவிட நல்ல சோடி எங்கே கிடைக்கும்?

கிண்ணியாக்காரி:
மிசோரத்தில் மிசோக்களே மிகப் பெரும்பான்மை, அண்ணா. நம் திருகோணமலை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்புப்படி எந்தச் சமூகமும் பாதியைத் தொடவில்லை. மின்டனாவோவில் முஸ்லிம்கள், குடியேறிய கிறிஸ்தவர்கள், லுமாட் பழங்குடிகள் என்று மூன்று தரப்பு. கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களைப் பார்த்த நமக்கு, மணிலா தெற்கில் ஆட்களைக் குடியேற்றிய கதை புதிதா என்ன?

உப்புவெளியான்:
குடியேற்றம் நடக்காத நாடு எது? அப்படிப் பார்த்தால் எதையும் எதோடும் ஒப்பிடலாம். அந்த ஊர் மொழியும் அவளுக்குத் தெரியாது.

மூதூர் வாசகன்:
மிசோ மொழி மட்டும் தெரியுமாக்கும்?

கிண்ணியாக்காரி:
அவள் கேட்கப்போகும் கேள்வியைப் பாருங்கள். ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைப்பதா பிரிப்பதா என்று அங்கே வாழ்கிறவர்களிடம் கேட்டார்களா? வடக்கோடு இணைந்திருப்பதா என்று 1988 முடிவதற்குள் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு நடக்கும் என்று இலங்கை–இந்திய ஒப்பந்தம் சொன்னது. தள்ளித் தள்ளிப்போய் அது நடக்கவே இல்லை. 2006இல் உயர் நீதிமன்றம் வடக்கு–கிழக்கு இணைப்பே செல்லாது என்றது. மின்டனாவோ பக்கத்து முஸ்லிம் தன்னாட்சிப் பகுதியான பங்சமோரோவில் 2019இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கோட்டபாட்டோ நகரம் சேர்ந்தது, இசபெலா நகரம் மறுத்தது. சூலு மாகாணம் வேண்டாம் என்றும் உள்ளே வைத்திருந்தார்கள். 2024இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை வெளியே எடுத்தது. மிசோரத்தில் இதற்கு ஈடாக எதை வைப்பீர்கள்?

உப்புவெளியான்:
அங்கே 2014இலேயே மோரோ முஸ்லிம்களின் ஆயுத இயக்கம் தன்னாட்சிக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டது. இங்கே 1988இல் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை. போரைக் கழித்துவிட்டு வாக்கெடுப்பை மட்டும் ஒப்பிட்டால் பரீட்சகர் முதலில் அதில்தான் கைவைப்பார்.

கிண்ணியாக்காரி:
அதே 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்ததே? அதற்கு வாக்குப்பெட்டி கிடைத்தது, இதற்குக் கிடைக்கவில்லையா?

உப்புவெளியான்:
வடக்கில் போட்டியே இல்லாமல் தெரிவானார்கள். அதுவும் ஒரு தேர்தலா, தங்கச்சி?

கிண்ணியாக்காரி:
கிழக்கில் வாக்களித்தார்கள். அவள் ஆய்வும் கிழக்கைப் பற்றியதுதான்.