130,000 வெள்ளிக்கு ஸ்பீக்கர், வாங்கலாமா வேணாமா?

செராஸ்காரன்:
அண்ணன்மாரே, சிரிக்காம பதில் சொல்லுங்க. போன மாசம் எனக்கு 55 ஆச்சு, ஈபிஎஃப் காச எடுக்கலாம், வீட்டு லோன் முடிஞ்சிருச்சு, மகளும் வேலைக்கு போயிட்டா. போன வாரம் மழைக்கு ஒதுங்குற மாதிரி ஒரு கடைக்குள்ள போனேன், அங்க ஒருத்தரு ஒரு ஜோடி ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் போட்டாரு, என் நெஞ்சு உயரம் நிக்குது, ஒன்னொன்னும் 80 கிலோவாம். சின்ன வயசுல தைப்பூசத்துக்கு அப்பா என்ன தோள்ல தூக்கிட்டு பத்துமலைக்கு போனப்ப பக்கத்துல கேட்ட அதே நாதஸ்வரம், வாசிக்கிறவரு மூச்சு இழுக்குறது கூட கேக்குது, நான் எந்திரிச்சு வெளிய வர முக்கா மணி நேரம் ஆச்சு. செகண்ட்ஹேண்ட், 130,000 வெள்ளி. புதுசு இதுல டபுளுக்கு மேலயாம்.

வீடு லிங்க் ஹவுஸ், ஹால் 12 அடி அகலம் 24 அடி நீளம், கீழ டைல்ஸ், சோஃபா பின் சுவத்தோட ஒட்டி. இப்ப இருக்கறது 1,500 வெள்ளி ஸ்பீக்கர். வீட்டுக்காரம்மாகிட்ட இன்னும் வாய் தொறக்கல. வாங்கலாமா?

தேத்தாரே_குறைவா:
130,000க்கு ரெண்டு மைவி காரு வாங்கலாம் லா பாஸ். ரெண்டுலயும் ஸ்பீக்கர் இருக்கு.

பினாங்கு_பழசு:
அண்ணே, நான் பட்ட பாட்ட சொல்றேன். தஞ்சோங் தொக்கோங்ல கொண்டோ, 2016ல 90,000 வெள்ளி போட்டு ஒரு ஜோடி வாங்குனேன், கடையில சொர்க்கம், வீட்டுக்கு வந்தா பேஸ், அதான் கனத்த கீழ் சத்தம், வந்தா மட்டும் குடத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி ஊம்ம்ம்னு இருக்கு, பாட்டுக்காரரு பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு கக்கூஸ்ல நின்னு பாடுற மாதிரி. ரெண்டு வருசம் ஆம்ப்ளிஃபையர் மாத்துனேன், ஒயர் மாத்துனேன், கடைசியில பாதி விலைக்கு தள்ளிட்டேன். ஸ்பீக்கர் மேல குத்தமே இல்ல, என் ஹால் மேலதான்.

உங்க அளவ பாத்ததும் எனக்கு பக்குனுச்சு. 12க்கு 24, சரியா ரெண்டு மடங்கு. சத்தம் காத்துல நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், 12 அடி சுவருக்கு நடுவுல அரை அலை அடங்குறது 47 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 47 அதிர்வு, 24 அடியில முழு அலை அடங்குறதும் அதே 47ல, ரெண்டும் சேந்து ஒரே சுரத்த தூக்கி உங்க மேல போடும். பேஸ் கிட்டார் தடிச்ச கம்பியில ரெண்டாவது ஃப்ரெட் கிட்டத்தட்ட அங்கதான். அதுலயும் சோஃபா சுவத்தோட ஒட்டி இருக்கு பாருங்க, பேஸ் ரொம்ப குமியிற இடமே சுவர் ஓரம்தான். நீங்க கடையில கேட்டது நாதஸ்வரம், அதுல 100 ஹெர்ட்ஸுக்கு கீழ ஒன்னுமே கெடயாது, அப்ப அந்த ஜோடியில பேஸ் குடுக்குற பெரிய வூஃபர் என்ன பண்ணும்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல. தவில் போடச் சொல்லுங்க, பேஸ் கிட்டார் நல்லா ஓடுற பாட்டும் போடச் சொல்லுங்க.

இன்னொன்னு, சுவத்துல பஞ்சு ஒட்டுறேன்னு ஆரம்பிச்சுறாதீங்க. அது கைத்தட்டுனா வர்ற எதிரொலிய கொறைக்கும், உங்க டைல்ஸ் ஹாலுக்கு அது நல்லதுதான், ஒரு தடிச்ச கார்ப்பெட் போட்டாலே பாதி சரியாயிரும். ஆனா 47ல அலை நீளம் 7 மீட்டருக்கு மேல, நாலு அங்குல பஞ்சு அத ஒன்னும் பண்ணாது. மொதல்ல யூமிக்-1 மாதிரி ஒரு யுஎஸ்பி மைக் வாங்கி ரூம் ஈக்யூ விசார்ட் இறக்குங்க, சாஃப்ட்வேர் ஃப்ரீ, உங்க 1,500 வெள்ளி ஸ்பீக்கர வச்சே ஹால அளந்து பாருங்க.

மூலைக்கொம்பு:
மேல சொன்னவரு சொன்னது எல்லாம் சரி, ஆனா அவரு சொல்ற தொனியில எனக்கு உடன்பாடு இல்ல. பணம் இவரோடது, கடனும் இல்ல, கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி ஹோட்டல் எடுத்து இதவிட அதிகமா செலவு பண்றவங்கள யாரும் ஒன்னும் கேக்கறதில்ல, இது தெனமும் கேக்குற பொருள்.

அப்புறம் இந்த உலகத்துல 130,000 எல்லாம் வாசப்படி தான் தம்பி. அமெரிக்காவுல வில்சன் ஆடியோ கம்பெனி ஆரம்பிச்ச டேவ் வில்சன் 2018ல காலமாகுறதுக்கு முன்ன கடைசியா டிசைன் பண்ண வாம் மாஸ்டர் குரோனோசோனிக், வந்தப்ப ஒரு ஜோடி 685,000 டாலர், நம்ம காசுல ரெண்டரை மில்லியனுக்கு மேல, மொத்தமே 70 ஜோடிதான். நத்தை மாதிரி சுருண்டு இருக்குமே பௌவர்ஸ் வில்கின்ஸ் நாட்டிலஸ், 1993ல வந்தது, அது ஒரு ஜோடிக்கு எட்டு சேனல் ஆம்ப் வேணும். பிரான்ஸ் ஃபோகல் கிராண்ட் யுட்டோபியா ஈஎம் ஒன்னே 250 கிலோவுக்கு மேல, வூஃபருக்கு சாதா காந்தம் இல்ல, கரண்ட் குடுத்து காந்தமாக்குறாங்க, அதுக்கு தனி பவர் சப்ளை. கொண்டோ லிஃப்ட்ல ஏத்தி பாருங்க, செக்யூரிட்டி அண்ணன் உங்க பேர எழுதி வச்சுக்குவாரு. எனக்கு புடிச்சது என்னவோ 1946ல பால் கிளிப்ஷ் செஞ்ச கிளிப்ஷ்ஹார்ன், வீட்டு மூலையவே சத்தத்த பெருசாக்குற கொம்போட பகுதியா ஆக்கிட்டாரு, இன்னிக்கும் செஞ்சு விக்கிறாங்க.

ஒன்னு மட்டும் கேட்டுக்குங்க. செகண்ட்ஹேண்ட்னா வூஃபர் ஓரம் ரப்பரா ஃபோமா பாருங்க. ஃபோம்னா நம்ம ஊரு புழுக்கத்துல பத்து பதினஞ்சு வருசத்துல பிஸ்கட் மாதிரி உதிர்ந்துரும்.

வயர்மன்:
கேபிள் நல்லதா போடுங்க, 8,000 வெள்ளி கேபிள் போட்டதும் எனக்கு திரையே வெலகுன மாதிரி இருந்துச்சு.

பினாங்கு_பழசு:
தம்பி, கண்ண கட்டிட்டு ரெண்டு ஒயரையும் மாத்தி மாத்தி போடச் சொல்லி, பத்துல எத்தன சரியா சொன்னீங்கன்னு எழுதுங்க. அந்த 8,000ல அவரு ஹாலுக்கு கார்ப்பெட்டும் திரைச்சீலையும் போட்டு மீதிக்கு பிரியாணியும் சாப்பிடலாம். ஆ, செராஸ்காரரே, ஃபேன் சத்தத்தயும் மறந்துறாதீங்க. ஃபேன் போட்டா நீங்க பெரிய காசு குடுத்து வாங்குற அந்த மூச்சு சத்தம் போயிரும், போடலன்னா வேர்வையில நனையணும். நான் ஏர்கான லோல வச்சுதான் கேக்குறேன்.

செராஸ்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மைக் ஆர்டர் போட்டாச்சு. அது வர்றதுக்குள்ள சும்மா சோஃபாவ நாலு அடி முன்னாடி இழுத்து உக்காந்து பாத்தேன், நெஜமாவே அந்த ஊம்ம்ம் கொறஞ்சுருச்சு, இத்தன வருசம் பழைய ஸ்பீக்கரதான் திட்டிக்கிட்டு இருந்தேன். கடைக்காரரும் அந்த ஜோடிய வீட்டுக்கு கொண்டு வந்து ரெண்டு நாள் வச்சு பாக்க சம்மதிச்சுட்டாரு, டெபாசிட் 5,000.

கெட்ட சேதி, அவரு அனுப்புன வாட்ஸ்அப்ப வீட்டுக்காரம்மா பாத்துட்டா. ஒரு மணி நேரம் பேச்சு இல்ல. அப்புறம் வந்து, சோஃபாவுக்கு பின்னாடி கூட்ட இப்பதான் வசதியா இருக்கு, அது அங்கயே இருக்கட்டும்னா, ஸ்பீக்கர பத்தி மூச்சு விடல. சனிக்கிழமை கடைக்கு அவளும் வர்றாளாம். எந்த சிடிய எடுத்துட்டு போறதுன்னுதான் இப்ப சண்ட.