வீட்டு ஜெபத்துக்கு அனுமதி இருக்கா என்று கேட்டு வந்தபோது

எங்கள் சபை கூடுவது ஊராட்சி எல்லைக்குள் ஒரு வாடகை வீட்டில். முன்னறையிலும் திண்ணையிலும் பாய் விரித்தால் நாற்பது பேர் உட்காரலாம். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடியும் நேரத்தில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். "கலெக்டர் அனுமதி இருக்கா?" என்றார்கள். பாஸ்டரிடம் இருந்தது வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும்தான்.

அடுத்த வாரம் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. எங்கள் கூட்டத்துக்கு எதிராக மனு கொடுத்தவர்கள் சொன்னதில் சத்தம் பற்றிய குறை நியாயமானது. அத்தனை சின்ன வீட்டுக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபை மீதான வழக்கிலேயே 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கச் சொல்லி எந்த மதமும் போதிக்கவில்லை என்று. அன்று மாலையே ஸ்பீக்கரைக் கழற்றினோம். இப்போது தம்புருவும் கைத்தட்டலும் மட்டும்.

மனசு தாங்காதது அடுத்து நடந்ததுதான். "இனி இந்த வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்த மாட்டோம்" என்று எழுதித் தரச் சொன்னார்கள். வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன. நாங்கள் செங்கல் ஒன்றுகூட வைக்கவில்லையே! பாஸ்டர் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "ஸ்பீக்கர் வைக்க மாட்டோம்னு எழுதித் தரேன் சார். ஜெபிக்க மாட்டோம்னு என் கையால எழுத வராது" என்றார். தாசில்தார் அந்த முதல் வரியை மட்டும் வாங்கிக்கொண்டார். ஆட்சியருக்கும் விண்ணப்பித்தோம். பதினான்கு மாதம் ஆயிற்று, ஆம் என்றும் இல்லை, மறுப்பும் இல்லை.

—

பிரதர், படிக்கும்போது 2002 ஞாபகம் வந்தது. அந்த அக்டோபரில்தான் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. ஞானஸ்நானம் கொடுப்பவர் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டாயப்படுத்தியதாகத் தீர்ப்பானால் மூன்று வருஷம் வரை சிறை; மாறியவர் பெண்ணாகவோ தலித்தாகவோ இருந்தால் நான்கு. என் அப்பா ஊழியக்காரர். ஞானஸ்நானம் கேட்டு வந்த ஒரு பாட்டியைப் பொறுத்திருக்கச் சொன்னார். "நானா விரும்பி வரேன், இதுல யாரு என்னைக் கட்டாயப்படுத்துனா?" என்று பாட்டி கேட்ட கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை. 2004 மே மாதம் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அந்த வாரமே பாட்டி மாற்றுப் புடவையோடு வந்து நின்றார்.

—

சகோதரரே, பதினான்கு மாதம் சும்மா இருக்காதீர்கள். விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் வரட்டும். வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் என்னத்தைக் காட்டுவது? காவலர்கள் வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி, அன்று அங்கே இருந்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

—

நன்றி ஐயா. பாஸ்டரிடம் வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை மனு போடுகிறோம்.