காப்பிக்கடை வாசலில் தடுப்பூசிச் சோதனை: மறக்க முடியாத ஒரு காட்சி உண்டா? (சிங்கப்பூர், 2021–22)

தேக்கா_வாசி

2021 அக்டோபர் 13. காப்பிக்கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் தடுப்பூசி கட்டாயம் என்று ஆன முதல் நாள். ஊசி போடாதவர் வாங்கிக்கொண்டு போகலாம், உட்கார முடியாது. ஒரு காட்சி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை, அதைச் சொல்கிறேன்.

எழுபது தாண்டிய பெரியவர். கழுத்தில் டிரேஸ்டுகெதர் டோக்கன், அதாவது தொற்றுத் தொடர்பைக் கண்டறியக் கொடுத்த சின்னக் கருவி. வாசல் பெட்டியில் தட்டினார், 'பீப்' கேட்டது, நேராக உள்ளே நடந்தார். வாசலில் நின்ற அக்கா கையை நீட்டி மறித்தார். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "தட்டிட்டேனே, சத்தம் கேட்டுச்சே" என்றார். அந்தப் பெட்டியில் தட்டினால் வந்து போனது பதிவாகும், அவ்வளவுதான். ஊசி போட்டவரா என்று பார்க்க, டோக்கனில் அச்சிட்டிருக்கும் கியூஆர் கட்டத்தைக் கடையின் கைப்பேசியில் உள்ள சேஃப்என்ட்ரி பிசினஸ் செயலியால் வருட வேண்டும். டோக்கன் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை மங்கிப்போய், மேலே விளக்கு வெளிச்சம் வேறு. கேமராவுக்குக் கட்டம் பிடிபடவே இல்லை. பின்னால் வரிசை நீண்டது. "அங்கிள், வாங்கிட்டுப் போயிடுங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். இரண்டு ஊசியும் போட்டாச்சு, அட்டை வீட்டில் இருக்கிறது என்று பெரியவர் சொல்லிக்கொண்டே நின்றார்.

உறையிலிருந்து டோக்கனை வெளியே எடுத்திருந்தால் போதும். கட்டத்தைத் துணியால் துடைத்து, கைப்பேசியை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் உடனே படித்திருக்கும். பேட்டரி செத்த டோக்கனில்கூட கட்டம் வேலை செய்யும், ஏனென்றால் அது வெறும் அச்சு. சிவப்பு விளக்கு மின்னினால் டோக்கனைச் சமூக மன்றத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, ஆனால் அன்றைய சாப்பாட்டுக்கு அது தடையில்லை. இந்த நாலு வரியை வாசலில் நிற்பவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாற்காலி_கட்டுபவர்

அக்கா மேல் பழி போடுவது எளிது. அவர் வேலை என்ன? பாதி நேரம் மேசை துடைப்பவர் அல்லது காப்பி கலக்குபவரின் உறவினர். அதற்கு முன்னால் உடல்வெப்பம் பார்த்தவர். திடீரென்று அவர்தான் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். தவறினால் கடைக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், அல்லது பத்து நாள் மூடல். உட்கார்ந்தவருக்கு 300 வெள்ளி. அந்த இடத்தில் யார் நின்றாலும் சந்தேகம் வந்தால் மறிக்கத்தான் செய்வார்கள்.

முக்கியமான விஷயம் இதுதான்: காப்பிக்கடைக்கு வாசலே கிடையாது. அடுக்குமாடி புளோக் அடியில் இரண்டு மூன்று பக்கமும் திறந்திருக்கும். முழுச் சோதனை என்றால் முதலில் வேலி கட்ட வேண்டும். பிளாஸ்டிக் சங்கிலியும் நாற்காலியும் வைத்துத் தொடங்கிய கடைகளில் மதியம் 12 மணிக்கே ஆட்கள் தாண்டிப் போனார்கள். இடுப்பு உயரத்துக்குத் தடுப்பு வைத்து, உள்ளே ஒரு வழி, வெளியே ஒரு வழி என்று விட்ட கடைகளில்தான் சோதனை நடந்தது. அதிலும் ஒரு சிக்கல். பொட்டலம் வாங்க வருபவர் ஊசி போடாதவராக இருந்தாலும் அனுமதி உண்டு. அவரையும் சாப்பிட உட்காருபவரையும் ஒரே வரிசையில் விட்டால் எல்லாரையும் சோதிக்க வேண்டியிருக்கும். பொட்டலத்துக்குத் தனி வழி, கடைகளின் முன்பக்கத்தை ஒட்டி, மேசைப் பக்கம் போக முடியாதபடி. இதைச் சரியாக அமைத்த கடைகளில் சண்டை குறைவு.

அங்காடி உணவு நிலையம் இன்னும் சிரமம். எட்டுப் பக்கம் படி, நடுவில் ஈரச்சந்தைக்குப் போகும் வழி. அதனால்தான் அங்கே தொடக்கத்தில் வாசல் சோதனை இல்லை, மேசை மேசையாக வந்து திடீர்ச் சோதனை. இரண்டு பேருக்கு மேல் ஒரு மேசையில் கூடாது. நவம்பர் கடைசியில் ஐந்து பேர் சேர்ந்து உட்காரலாம் என்று வந்தபோது, வேலியும் வாசலும் இருந்தால்தான் அது கிடைக்கும் என்று நிபந்தனை. அதன் பிறகுதான் பல இடங்களில் ஒழுங்கான வேலி வந்தது.

மண்டபப்_பொறுப்பு

கல்யாண வரவேற்பு. 250 பேர் வரை, மேசைக்கு ஐந்து பேர். ஊசி போடாதவர் முன்சோதனையில் 'இல்லை' என்று வந்தால் கலந்துகொள்ளலாம் என்று இருந்த காலம். மாப்பிள்ளையின் சித்தப்பா வாசலில் நிற்கிறார். கையில் ஏஆர்டி (விரைவு கோவிட் சோதனை) முடிவு, அதில் நேரம் முந்தின நாள் இரவு 8:10. மாலை 7 மணிக்கு வந்துவிட்டார். "24 மணி நேரத்துக்குள்தானே வந்திருக்கேன்" என்கிறார். விருந்து முடிவது இரவு 10. அனுமதி இல்லை.

இதில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடுக்கி விழுந்தார்கள். 24 மணி நேரம் என்பது உள்ளே நுழையும் நேரம் வரைக்கும் இல்லை, நிகழ்ச்சி முடியும் நேரம் வரைக்கும். விருந்து 10 மணிக்கு முடிகிறது என்றால் சோதனை முந்தின இரவு 10 மணிக்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். சோதனை நிலையங்கள் அந்த நேரத்தில் மூடியிருக்கும். ஆகவே நடைமுறையில் அதே நாள் காலையில் எடுப்பதுதான் வழி. அழைப்பிதழ் அனுப்பும்போதே "சோதனை அன்று காலை 9 மணிக்குப் பிறகு" என்று எழுதிவிட்டால் வாசலில் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

வீட்டில் தானே மூக்கில் விட்டுப் படம் பிடித்து வந்தால் செல்லாது. மேற்பார்வையில் எடுத்த முடிவு வேண்டும். சித்தப்பா என்ற உறவைப் பார்த்து ஒரு தடவை விட்டால் அடுத்து வரும் பெரியப்பாவை நிறுத்த முடியாது. பட்டியலோடு வாசலில் நிற்பவர் இரு குடும்பத்துக்கும் உறவில்லாதவராக இருப்பது நல்லது.

பாஸ்போர்ட்_பக்கம்

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கதையை யாரும் தொடவில்லையே. 2021 நவம்பர் 29 முதல் சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து தடுப்பூசிப் பயணத்தடம் (ஊசி போட்டவர் தனிமைப்படுத்தல் இல்லாமல் வரும் வழி) திறந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு அம்மா உணவகத்தில் கோவின் சான்றிதழை, அதாவது இந்திய அரசின் தடுப்பூசிச் சான்றிதழை, நீட்டுகிறார். அதில் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. சான்றிதழில் முன்னெழுத்தும் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப்பெயர் இடத்தில். வாசலில் நின்ற பையன் சீனன், அவனுக்கு இது இரண்டு வேறு ஆட்கள். மகள் பக்கத்தில் நின்று முன்னெழுத்து என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது பயணம் வந்தவர்கள் செய்ய வேண்டியிருந்ததை முழுதாக எழுதுகிறேன். கோவின் தளத்தில் ஊசி போட்டபோது கொடுத்த கைப்பேசி எண்ணால் நுழைய வேண்டும். குறை தெரிவிக்கும் பகுதியில் பாஸ்போர்ட் விவரம் சேர்க்கும் வசதி இருக்கும். பாஸ்போர்ட் எண்ணைச் சேர்ப்பதற்கு முன்னால் பெயரைச் சரிபார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், இடைவெளி உட்பட. ஒரு முறை திருத்தினால் மறுபடி திருத்துவது கடினம், அதனால் அவசரப்படக் கூடாது. அடுத்தது பிறந்த தேதி. தொடக்கத்தில் வந்த சான்றிதழ்களில் முழுப் பிறந்த தேதி இருக்காது. 2021 செப்டம்பர் கடைசியில் பிரிட்டனோடு தகராறு வந்த பிறகுதான் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது சேர்ந்தது. பழைய சான்றிதழை வைத்திருந்தவர் புதிதாகப் பதிவிறக்க வேண்டியிருந்தது. தாளில் அச்சிடும்போது கியூஆர் கட்டத்தைச் சுருக்கக் கூடாது, மடிப்பு கட்டத்தின் மேல் விழக் கூடாது.

எந்த ஊசி என்பதும் முக்கியம். கோவிஷீல்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் அவசரப் பட்டியலில் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. கோவாக்சின் நவம்பர் 3-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் கோவாக்சின் இரண்டு டோஸ் போட்டவர், சட்டப்படி இங்கே போடாதவர். கோவாக்சினுக்கு இடைவெளி 28 நாள், கோவிஷீல்டுக்கு அப்போது 12 முதல் 16 வாரம். இரண்டாவது டோஸுக்குப் பிறகு 14 நாள் ஆகியிருக்க வேண்டும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் நாள்காட்டியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

ஈசூன்_காற்று

மேலே உள்ளவருக்கு: பயணக் குறிப்பு யாரும் கேட்கவில்லை, இழை வாசலைப் பற்றியது. ஆனால் "சட்டப்படி போடாதவர்" என்று சொன்னீர்களே, அது உள்ளூர்க்காரர்களுக்கும் நடந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

2022 பிப்ரவரி 14. கணவன் மனைவி இருவரும் எண்பதை நெருங்குகிறவர்கள். ஒரே உணவகம், வாரம் தவறாமல் வருபவர்கள். அன்று கணவருடைய செயலியில் ஊசிக் கணக்கு சரி என்று காட்டும் பச்சை, மனைவியுடையதில் இல்லை. அந்த அம்மா கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. முந்தின நாள் வரை இருந்தது.

அன்றிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, முதல் சுற்று ஊசி முடிந்து 270 நாள் தாண்டினால் பூஸ்டர் போட்டிருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 2021 மே 20-ல் இரண்டாவது ஊசி போட்டவருக்கு 270-வது நாள் சரியாக அந்த பிப்ரவரி 14. அதற்கு முன்னால் போட்டு, பூஸ்டர் போடாத எல்லாருடைய பச்சையும் ஒரே நாளில் போனது. மே 20-க்கு முன்னால் இரண்டும் முடித்தவர்கள் யார்? வயதானவர்கள், சுகாதார ஊழியர்கள். அழைத்தவுடன் முதலில் கை நீட்டியவர்கள். ஜூலை, ஆகஸ்ட் வரை தயங்கிப் பிறகு போட்ட இளைஞருக்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருந்தது. பூஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதானவருக்கு அது மிக அவசியம். ஆனால் வாசலில் முதலில் நிறுத்தப்பட்டவர் முதலில் ஒத்துழைத்தவர் என்பதை யாரும் அந்த அம்மாவிடம் விளக்கவில்லை.

சினோவாக் என்ற சீனத் தடுப்பூசி போட்டவர்களுக்கு இது முன்னாலேயே நடந்தது. இரண்டு டோஸ் 2021 டிசம்பர் 31 வரைதான் கணக்கில், அதற்குள் மூன்றாவது போட வேண்டும். புத்தாண்டுக் காலையில் பச்சை இல்லாமல் போனவர்கள் உண்டு.

வார்டு_பக்கத்திலிருந்து

எல்லாரும் வாசலைப் பற்றியே பேசுகிறீர்கள். வாசல் எதற்கு வைத்தார்கள்? 2021 ஆகஸ்ட் கடைசியிலேயே 80 சதவீதம் பேர் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. மிச்சம் இருந்தவர்களில் முதியவர்கள் கணிசம். டெல்டா பரவியபோது தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மரணத்திலும் ஊசி போடாதவர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்கள் இருந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிதாக இருந்தது. "போட்டவரும்தானே பரப்புகிறார்" என்று அப்போதும் கேட்டார்கள். பரப்பினார்கள், உண்மை. ஆனால் விதியின் முதல் நோக்கம், ஊசி போடாத முதியவர் முகக்கவசம் கழற்றி அரை மணி நேரம் கூட்டத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்வது. நோய் வந்து விழுந்தால் படுக்கை வேண்டும், தாதி வேண்டும், அவை எண்ணி இருந்தன. 'வாங்கிட்டுப் போங்க' என்ற வார்த்தை கேட்கக் கடுமைதான். சுவாசக் குழாய் அதைவிடக் கடுமை.

விருப்பப்பட்டு ஊசி போடாதவர் கோவிட் மருத்துவச் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்று டிசம்பர் 8 முதல் வந்ததும் இதே காரணத்தால். அதை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஓமிக்ரான் வந்த பிறகு இந்த வாசல்களுக்கு அதே அளவு பலன் இருந்ததா என்று கேட்டால், குறைந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

ஞாயிறு_பேருந்து

வார்டு நண்பரே, உங்கள் வாதம் உணவகத்துக்குப் பொருந்தும். தங்கும் விடுதித் தொழிலாளர்களுக்கு எப்படிப் பொருந்தும்? 2020 ஏப்ரலிலிருந்து வேலை, விடுதி, பொழுதுபோக்கு நிலையம் என்று அடைபட்டிருந்தார்கள். 2021 செப்டம்பர் 13-ல் முன்னோட்டமாக, வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் போகலாம் என்று வந்தது. நிபந்தனைகளைப் பாருங்கள்: இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். கிளம்பும் முன் ஏஆர்டி. திரும்பி வந்து மூன்றாம் நாள் மறுபடி ஏஆர்டி. விடுதியில் அண்மையில் தொற்று இருந்திருக்கக் கூடாது. விடுதியில் பெரும்பாலானோர் ஊசி போட்டிருக்க வேண்டும். அதாவது பக்கத்து அறைக்காரருக்குத் தொற்று வந்தால், எல்லா நிபந்தனையும் நிறைவேற்றியவருக்கும் பயணம் இல்லை.

அந்த முதல் வாரத்தில் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) கண்ட காட்சி: கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல், ஒருவர் வீடியோ அழைப்பில் ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் கோபுரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நேரக் கட்டுப்பாடு வேறு. அதே தெருவில் அதே ஊசி போட்ட உள்ளூர்க்காரர் எந்தச் சோதனையும் இல்லாமல் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊசி ஒன்றே என்றால் வாசலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். படுக்கைக் கணக்கு இங்கே பதில் ஆகாது. அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஊசியும் போட்டவர்கள்.

மண்டபப்_பொறுப்பு

ஞாயிறு_பேருந்து சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒரு தேதி மட்டும் சேர்க்கிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2022 ஏப்ரல் 26-ல் விதி போய்விட்டது என்று நினைப்பது தவறு. அன்று பெரும்பாலான இடங்களில் போனது. உணவகம், நடனம் உள்ள இரவு விடுதி, 500 பேருக்கு மேற்பட்ட நிகழ்ச்சி ஆகியவற்றில் தொடர்ந்தது. உணவகத்தில் ஊசி விதியில் மாறியது ஒன்றுதான்: வாசலில் ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டியதில்லை, விதியைப் பின்பற்றும் பொறுப்பு உட்காருபவருடையது. முழுதாக நீங்கியது அக்டோபர் 10-ல். நடுவில் இருந்த அந்த மாதங்களில் மண்டபம் எடுத்தவர்கள் 500 என்ற எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். தாண்டினால் வாசலில் மறுபடி ஆள் நிறுத்த வேண்டும், அந்த வேலைக்கு அப்போது யாரும் வரத் தயாராக இல்லை.